எஸ்தர் படத்துல ஒட்டின பொட்டு

எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல டாக்டர்.

வெளியில உக்காந்திருக்கற பொண்ணுகிட்ட கடவாப் பல்லு வலின்னு சொல்லித்தான் டோக்கன் வாங்கினேன். பொய்தான். வேற என்ன பண்றது? டாக்டரை ஒரு படம் விஷயமா பார்க்கணும்னேன், "எக்ஸ்ரே எடுத்துட்டு வந்துட்டீங்களா"ங்கறா. இல்லம்மா, செவுத்துல மாட்டற படம்னேன். ஏற இறங்கப் பார்த்தா. ஏதோ விக்க வந்திருக்கேன்னு நினைச்சிருப்பா. ஒரு விதத்துல அதுவும் நிஜந்தான். சரி, வலின்னே எழுதிக்கோன்னுட்டேன்.

அந்த லைட்டை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க. மூஞ்சில அடிக்குது. நாற்காலியை நிமிர்த்த வேணாம், படுத்துக்கிட்டே பேசறேன். முதுகுக்கு இதமாத்தான் இருக்கு.

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பேர் வேதவல்லி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவ. நீங்க போன வாரத்துல ஒருநாள் இந்தத் தெரு முனையில இருக்கற கேலரிக்கு வந்தீங்க. புதுசா வரையறவங்க எல்லாரும் சேர்ந்து கண்காட்சி வெச்சிருக்காங்களே, அதுக்கு. ஒரு படத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னீங்க. நின்னீங்கதானே? அதை வாங்கிக்கறேன்னு கேட்டீங்க. கேலரியைப் பார்த்துக்கற கங்காதரன் சார், "சாரி மேடம், அது வித்துப் போச்சு"ன்னு சொல்லி, பக்கத்துல ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரைக் காட்டினார். நீங்க உங்க கார்டைக் குடுத்து, "வாங்கினவங்க வேணாம்னு சொன்னா எனக்குப் போன் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க.

அது விக்கவே இல்ல டாக்டர். அங்க முதல்ல ஸ்டிக்கர் ஒட்டினது நான்தான். நெத்தியில வெச்சுக்கற ஸ்டிக்கர் பொட்டு.

சிரிங்க, சிரிங்க. நானும் வேற யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். ஆனா சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்காட்சியை மூடறாங்க. வாங்கினவங்க எல்லாம் வந்து அவங்கவங்க படத்தை எடுத்துட்டுப் போவாங்க. அந்தப் படத்தை வரைஞ்ச எங்க எஸ்தர் அங்க பட்டுப்புடவை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. அவ படத்தை எடுத்துட்டுப் போக ஒருத்தரும் வர மாட்டாங்க. அதுக்குள்ள நீங்க வரணும். அதுக்குத்தான் வந்திருக்கேன். உங்க கால்ல விழணும்னாலும் விழறேன், இந்த நாற்காலியிலேருந்து எப்படி இறங்கறதுன்னு மட்டும் சொல்லுங்க.

இருங்க, முதல்லேருந்து சொல்றேன்.

எஸ்தர் என் ஃப்ரெண்ட். நாகர்கோவில்காரி. எக்ஸ்சேஞ்சுல எனக்குப் பக்கத்து சீட்டு. ரெண்டு பேரும் ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு ஊர் உலகத்துக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்துட்டு, நடுவுல கிடைக்கற சந்துல நாங்களும் பேசிப்போம். அந்த ஹெட்செட்டுதான் எங்க காதைத் தின்னுடுச்சு. அது கிடக்கட்டும். அவ வீட்டுக்காரர் தேவதாஸ், ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்து போய்ச் சேர்ந்தார். ஒரே பையன் ஜெபராஜ், ஆஸ்திரேலியாவுல இருக்கான். அவர் போனதுக்கப்புறம் இவ வீட்டை விட்டு வெளிய வர மாட்டேன்னுட்டா. நான்தான் இழுத்துட்டுத் திரிஞ்சேன். அப்படி ஒருநாள் வெயில் தாங்காம ஒரு கட்டடத்துக்குள்ள ஒதுங்கினோம் பாருங்க, அது ஒரு கேலரி. உள்ள ஜில்லுன்னு இருந்தது. யாரும் என்ன வேணும்னு கேக்கலை. டிக்கெட் கிடையாது. இப்படி ஒரு இடம் மெட்ராஸ்ல இருக்கறது எனக்கு அன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அதுலேருந்து ஒன்பது வருஷம். சனிக்கிழமை ஆனா கிளம்பிடுவோம். ஆழ்வார்பேட்டை, நுங்கம்பாக்கம், எழும்பூர், எங்கெங்க கண்காட்சின்னு அவ பேப்பர்ல பார்த்து வெச்சிருப்பா. திறப்பு விழாவா இருந்தா சமோசா உண்டு, டீ உண்டு, சில இடத்துல கட்லெட். என்னைத் தப்பா நினைக்காதீங்க, எனக்குப் படத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் மாட்டேன். அவ ஒவ்வொரு படத்துக்கு முன்னாடியும் போய் நிப்பா. கிட்டப் போவா, தள்ளி வருவா, மறுபடி கிட்டப் போவா. நான் ஏசி எங்க அடிக்குதுன்னு பார்த்து அதுக்கு நேரா உக்காந்துக்குவேன்.

வெளிய வந்ததும் கேப்பா. "ஏட்டி வேதா, உள்ள இருந்ததுல ஒண்ணை வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம்னா நீ எதை எடுப்ப?" எல்லா சனிக்கிழமையும் கேப்பா. நானும் எல்லா சனிக்கிழமையும் "அந்த ஏசியை"ன்னு சொல்லுவேன். சிரிப்பா. ஒன்பது வருஷமா அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு. அவளுக்கு அந்த ஜோக் அவ்வளவு பிடிக்கும் டாக்டர்.

எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார். டிவி ஓடிக்கிட்டிருக்கும், அதுக்கு முன்னாடி அவர் இருப்பார். ரெண்டுல டிவிதான் எங்கிட்ட அதிகமா பேசும். அதனால சனிக்கிழமைன்னா எனக்கு என்னன்னு நீங்களே புரிஞ்சுக்கோங்க.

என்ன? வாயைத் திறக்கணுமா? டோக்கன் போட்டதுக்குப் பார்த்துடறீங்களா? சரி பாருங்க. சீக்கிரம். ஆ...

சொத்தையா? இருக்கட்டும். இவ்வளவு நாள் இருந்த சொத்தை இன்னும் ரெண்டு நாள் இருக்காதா? நான் எங்க விட்டேன்?

ஆங், எஸ்தர் வரைய ஆரம்பிச்சா. அவங்க சர்ச் ஹால்ல ஒரு டீச்சர் பெரியவங்களுக்கு டிராயிங் கிளாஸ் எடுக்கறாங்கன்னு போய்ச் சேர்ந்தா. நான் ஒண்ணும் சொல்லலை. பொழுது போகணுமே. ஆப்பிள் வரைஞ்சா, அப்புறம் குடம் வரைஞ்சா. கொண்டு வந்து காட்டுவா. "குடம் கோணலா இருக்கே"ம்பேன். உள்ளதைச் சொல்றதுக்குத்தானே ஃப்ரெண்டு? அவ ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. கொஞ்ச நாள் கழிச்சுக் காட்டறதையே விட்டுட்டா. நானும் சரி, அலுத்துப் போயிருக்கும்னு விட்டுட்டேன். பார்த்தா இந்த வருஷம் கேலரியிலேருந்து அவ படத்தை எடுத்துக்கிட்டாங்களாம், புதியவர்கள் கண்காட்சிக்கு. ஒரே ஒரு படம்.

அது நல்ல செய்தி. கெட்ட செய்தி ஒண்ணு இருந்தது. பையன் ஆஸ்திரேலியாவுக்கு வந்துடுங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். பார்த்துட்டுத் திரும்பறது இல்ல, ஒரேயடியா. வீட்டை வித்துட்டு வான்னு. "அங்க தனியா உக்காந்துக்கிட்டு என்னம்மா பண்றீங்க?"ன்னு கேக்கறானாம். அவ என்ன பண்றாங்கறதை எங்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன், சனிக்கிழமை இல்லையான்னு. அவன் எங்கிட்ட ஏன் கேக்கறான்?

கண்காட்சி திறக்கறதுக்கு முதல் நாள் பஸ் ஸ்டாப்புல நிக்கறோம். அவ சொல்றா: "யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர் என் படத்தை வேணும்னு எடுத்துக்கிட்டா நான் போகலைட்டி. இங்கேயே இருந்து வரையறேன். யாருக்கும் வேண்டாம்னா பிள்ளைகூடப் போயிடறேன்." அவ சொன்னா சொன்னதுதான். அவ சம்மந்தி வீட்ல ஒரு பேச்சு வந்து, இனிமே அந்தப் படி ஏற மாட்டேன்னா. இன்னி வரைக்கும் ஏறலை.

டாக்டர், எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலை. எஸ்தர் போயிட்டா எனக்கு ஆள் இல்ல. இதை எப்படி நாசூக்கா சொல்றதுன்னு எனக்குத் தெரியலை, அதனால அப்படியே சொல்றேன். எனக்கு ஆள் இல்ல. போன்ல பேசலாம்பாங்க. வாழ்நாள் பூரா போன்லயே பேசினவங்க நாங்க. போன்ல பேசறது பேச்சு இல்லைன்னு எங்களுக்குத்தான் தெரியும்.

கண்காட்சி திறந்தாச்சு. நானும் அவளும் தினமும் போய் உக்காந்தோம். படம் வித்தா பக்கத்துல பேர் எழுதின அட்டையில சின்னதா ஒரு சிவப்பு ஸ்டிக்கரை வட்டமா ஒட்டுவாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முதல் நாளே அங்கங்க ஒட்ட ஆரம்பிச்சுட்டாங்க. இவ படத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பையன் பூனை வரைஞ்சிருந்தான், அதுக்கு ஒட்டியாச்சு. அந்தப் பக்கம் ஒரு அம்மா வெறும் நீலமா பூசி வெச்சிருந்தாங்க, அதுக்கும் ஒட்டியாச்சு. நீலத்தை வாங்கறாங்க டாக்டர், வெறும் நீலத்தை. நடுவுல எஸ்தர் படம் மொட்டையா நிக்குது. யாராவது உள்ள வந்தா இவ புடவையை இழுத்து விட்டுக்குவா. அவங்க தாண்டிப் போனதும் கைப்பையைத் திறந்து எதையோ தேடற மாதிரி குனிஞ்சுக்குவா. அந்தப் பையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். மூக்குக் கண்ணாடி டப்பாவும் ஒரு வேதாகமமும். அதைத் தேடிக்கிட்டே இருந்தா.

நாலு நாள் பார்த்தேன். அதுக்கு மேல என்னால முடியலை.

அன்னிக்கு மத்தியானம் அவ முகம் கழுவப் போயிருந்தா. கங்காதரன் சார் வாசல்ல நின்னு போன் பேசிக்கிட்டிருந்தார். கை தானா நெத்திக்குப் போச்சு. நம்ம பொம்பளைங்க படுக்கப் போறப்ப பொட்டை எடுத்துக் கண்ணாடியில ஒட்டுவோம், பீரோவுல ஒட்டுவோம், பாத்ரூம் டைல்ஸ்ல ஒட்டுவோம். ஒட்டறதுக்கு என்ன யோசனை? எடுத்தேன், அட்டையில ஒட்டினேன், வந்து உக்காந்துட்டேன். மெரூன் கலர் வெல்வெட் பொட்டு. கொஞ்சம் கருஞ்சிவப்புதான், ஆனா தூரத்துலேருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது.

எஸ்தர் வந்தா. உக்காரப் போனவ, நின்னுட்டா. கிட்டப் போனா. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா டாக்டர். அப்புறம் திரும்பி என் முகத்தைப் பார்த்தா. நெத்தியையே பார்த்தா. வேர்த்திருக்கும் போலன்னு நான் முந்தானையால துடைச்சுக்கிட்டேன். அவ்வளவுதான், வாயைப் பொத்திக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டா. என் கையைப் பிடிச்சு நசுக்கறா. வலிக்குது. "யாருன்னு நான் கேக்க மாட்டேன்ட்டி. அவங்களா சொல்றப்போ சொல்லட்டும்"னா. நான், ஆமா, கேக்காத, பெரிய மனுஷங்க பேரை வெளிய சொல்ல மாட்டாங்கன்னேன். அதுக்கு அழுதுக்கிட்டே சிரிச்சா. என் கணக்கு சரியாத்தான் இருந்தது பார்த்தீங்களா? அவ கண்டுபிடிக்கலை.

அன்னிக்குச் சாயங்காலமே பையனுக்குப் போன். "நான் வரலைப்பா. எனக்கு இங்க வேலை இருக்கு." மறுநாள் பிளம் கேக் செஞ்சு கொண்டு வந்து கங்காதரன் சாருக்கும் வாட்ச்மேனுக்கும் குடுத்தா. எனக்கு மட்டும் ஒரு டப்பா நிறைய. எனக்கென்னன்னா, அவ மூஞ்சியைப் பார்க்கறப்ப எல்லாம் சந்தோஷமாவும் இருக்கு, பயமாவும் இருக்கு. படம் வித்த குஷியில அவ பேச்சே ஒரு மாதிரி ஆயிடுச்சு. சம்பந்தா சம்பந்தம் இல்லாம, "உங்க ஹால்ல காலண்டர் தொங்குதே, அந்த ஆணி கனம் தாங்குமாட்டி?"ங்கறா. இன்னொரு நாள், "உங்க வீட்டு ட்யூப் லைட்டை மாத்தி மஞ்சள் பல்பு போடேன்"ங்கறா. எங்க வீட்டு பல்புக்கும் இவளுக்கும் என்ன? சந்தோஷத்துல மனுஷங்களுக்குக் கொஞ்சம் கலங்கிடும் போல.

அதுக்கு அடுத்த நாளோ என்னமோ அந்தப் பொட்டு ஒட்டு விட்டுப் போய், பாதி பேந்துக்கிட்டு நின்னிருக்கு. கங்காதரன் சார் பார்த்திருக்கார். கேலரி ஓனர் அம்மா பெங்களூர்ல இருக்காங்க, அவங்க போன்லயே யாருக்கோ வித்திருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டு, அதைப் பிச்சுப் போட்டுட்டு ஆபீஸ் ஸ்டிக்கரை ஒழுங்கா ஒட்டிட்டார். நான் போட்ட பொய்க்கு அவர் சீல் வெச்சுட்டார். அதுக்கப்புறம்தான் நீங்க வந்திருக்கீங்க. வந்து, நின்னு, கேட்டு, இல்லைன்னு போயிருக்கீங்க. அன்னிக்குன்னு பார்த்து எஸ்தருக்கும் எனக்கும் கண் ஆஸ்பத்திரி. நாங்க அங்க இல்ல.

இன்னிக்குக் காலையில கங்காதரன் சார் என்னை ஓரமா கூப்பிட்டார். "உங்க ஃப்ரெண்டு படத்தை வாங்கினது யாரும்மா? ஓனர் அம்மா தனக்குத் தெரியாதுங்கறாங்க"ன்னார். பொட்டு ஒட்டின கதையை சொல்லிட்டேன். தலையில அடிச்சுக்கிட்டார். "நிஜமா வாங்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பிட்டேனேம்மா"ன்னு மேஜையைத் தேடி உங்க கார்டை எடுத்தார். "ஆறு மணிக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்"னார். நல்ல மனுஷன்.

நினைச்சுப் பாருங்க டாக்டர், நான் கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா, நீங்களா வந்து நியாயமா வாங்கியிருப்பீங்க. என் பொட்டுதான் குறுக்க நின்னுது. இதை நினைச்சா எனக்குச் செவுத்துல முட்டிக்கலாம் போல இருக்கு.

என்ன கேட்டீங்க? நானே ஏன் வாங்கலைன்னா?

நானா?

நல்லா இருக்கே. ஃப்ரெண்டு படத்தை ஃப்ரெண்டு வாங்கினா அதுக்குப் பேர் விற்பனையா? கல்யாணத்துல மொய் வெச்ச மாதிரி. அவ யாராவது ஒருத்தர்னு சொன்னது வெளியாளைத்தானே? நான் எப்படி யாராவது ஆவேன்? அதுவும் இல்லாம, வாங்கணும்னா எனக்குப் பிடிக்க வேணாமா? நான்தான் சொன்னேனே, எனக்குப் படம் எல்லாம் ஏறாது. எனக்கு அவதான் வேணும், படம் வேணாம். உங்களுக்குப் படம் வேணும். எவ்வளவு சரியா பொருந்துது பாருங்க.

வர்றீங்களா? நிஜமாவா? அந்தப் பொண்ணுகிட்ட அடுத்த டோக்கனைத் தள்ளிப் போடச் சொல்றீங்களா? டாக்டர், நீங்க நல்லா இருக்கணும். உங்க குடும்பம் நல்லா இருக்கணும். சொத்தைப் பல்லு எத்தனை இருந்தாலும் இனிமே உங்ககிட்டதான் வருவேன். ஒண்ணே ஒண்ணு, எஸ்தர்கிட்ட நீங்க முதல்லயே வாங்கிட்டதா சொல்லணும். பொட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது. நீங்கதான் ஒட்டச் சொன்னீங்க. சரியா?

இருங்க, போன் அடிக்குது. அவதான். என்ன சொல்ல? எடுக்கறேன். நான் காதுல வெச்சா ஒண்ணும் கேக்காது, ஸ்பீக்கர்தான் போடுவேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க மூச்சு விடாம இருங்க.

"சொல்லு எஸ்தரு."

"ஏட்டி, எங்க போய்த் தொலைஞ்ச? மணி அஞ்சு ஆகப் போகுது. எல்லாரும் வந்து எடுத்துக்கிட்டு இருக்காங்க."

"பல்லு வலிடி. டாக்டர்கிட்ட வந்தேன். வந்துடறேன். அந்த... படம் வாங்கினவங்க வந்துக்கிட்டே இருப்பாங்க. கவலைப்படாத."

"எனக்கென்ன கவலை? நானே சுத்தி வெச்சாச்சு. பழைய போர்வை ஒண்ணு கொண்டு வந்தேன், அதுல சுத்தி நூல் போட்டுக் கட்டிட்டேன். நீ வர்றப்ப ஆட்டோ கூட்டிட்டு வா. பஸ்ல தூக்கிட்டுப் போக முடியாது."

"நான் எதுக்கு ஆட்டோ கூட்டிட்டு வரணும்?"

"பின்னே படத்தை உங்க வீட்டுக்கு நான் தலையில சுமந்துட்டு வரவா? போதும்ட்டி நடிப்பு. கங்காதரன் சார் திருதிருன்னு முழிக்காரு. வாங்கினது யாருன்னு நானே சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"என் வேதான்னு சொன்னேன். வாயால சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, நெத்திப் பொட்டை எடுத்து ஒட்டி வெச்சிருக்கான்னு சொன்னேன். அத்தனை வருஷம் பக்கத்து சீட்ல உக்காந்து பாத்த பொட்டு, எனக்குத் தெரியாதா? ஒன்பது வருஷம் கேட்டேன், ஒண்ணுகூட வேணாம்னுட்டு, கடைசியில என் படத்தை எடுத்தியே. ஜெபராஜ்கிட்டேயும் அன்னைக்கே சொல்லிட்டேன். வேதா எடுத்துக்கிட்டா, இனி நான் எங்கயும் வரலைன்னுட்டேன். ஏட்டி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"பணம் கிணம்னு வாயைத் திறந்த, கொன்னுருவேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும் உங்கிட்ட. நேர்ல வா, கேக்கறேன். எதுக்காக அந்தப் படம் உனக்குப் பிடிச்சுதுன்னு நீ உன் வாயால எனக்குச் சொல்லணும். அதைக் கேக்கத்தான் இத்தனை நாள் பொறுத்துக்கிட்டு இருக்கேன். வா சீக்கிரம்."

வெச்சுட்டா.

டாக்டர்.

அந்தக் கோட்டைக் கழட்டாதீங்க. போட்டுக்கோங்க. அடுத்த டோக்கனை வரச் சொல்லுங்க. நீங்க வராதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன், அந்தத் தெருப் பக்கமே இன்னிக்கு வந்துடாதீங்க. அந்தப் படத்தை நீங்க கேக்கவும் வேணாம், வாங்கவும் வேணாம். எவ்வளவு குடுத்தாலும் வேணாம். உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு எனக்குத் தெரியும். மன்னிச்சுக்கோங்க. நான்தான் வந்தேன், நான்தான் கெஞ்சினேன், இப்ப நான்தான் வேணாங்கறேன். என்னைப் பைத்தியம்னு நினைச்சுக்கோங்க.

அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒட்டின நிமிஷமே தெரிஞ்சிருக்கு. படத்தை நான் எடுத்துக்கிட்டேன்னுதான் அழுதிருக்கா. எவனோ வெளியாள் வாங்கினான்னு இல்ல. நான்னு.

இப்ப போய் அவ முன்னாடி நிக்கணும். எதுக்குப் பிடிச்சுதுன்னு கேப்பா. நான் என்ன சொல்வேன்? தினமும் அதுக்கு நேர் எதிர்ல உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்த பூனை ஞாபகம் இருக்கு. அந்த நீலம் ஞாபகம் இருக்கு. யார் யார் வந்தாங்க, யார் நிக்காம போனாங்க, எல்லாம் ஞாபகம் இருக்கு. அவ படத்துல என்ன இருக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை டாக்டர். ஏதோ ஒரு பெஞ்சு. மேல சிவப்பா ஏதோ ஒண்ணு, பக்கெட்டோ டின்னோ. அட்டையில ஸ்டிக்கர் இருக்கா இல்லையான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன். படத்தைப் பார்க்கவே இல்ல. இப்ப அதைப் போர்வையில வேற சுத்திட்டா.

நீங்க பார்த்திருக்கீங்க. ரொம்ப நேரம் நின்னு பார்த்தீங்கன்னு கங்காதரன் சார் சொன்னார். எனக்குச் சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன். ஒண்ணையும் விடாம சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

ஆஸ்பத்திரி வராந்தாவா? எப்படி ஆஸ்பத்திரின்னு தெரியுது? சரி, பச்சைத் திரை. அப்புறம்? மர பெஞ்சு. பெஞ்சு மேல?

ஃப்ளாஸ்க்கா?

சிவப்பு ஃப்ளாஸ்க்கா? காது உடைஞ்சு, அதுக்குப் பதிலா துணி சுத்திக் கட்டியிருக்கா? என்ன துணி? மஞ்சள் துணியா?

அது என் ஃப்ளாஸ்க் டாக்டர்.

தேவதாஸ் ஆஸ்பத்திரியில இருந்தப்ப அவருக்குக் கஞ்சி, இவளுக்குக் காபின்னு டூட்டி முடிச்சு அதுலதான் கொண்டு போவேன். மஞ்சள் துணி எங்க வீட்டுக்காரரோட பழைய துண்டுலேருந்து கிழிச்சது. தேவதாஸ் போன அன்னிக்கு அந்தக் கலவரத்துல அது எங்கயோ போச்சு. "நல்ல ஃப்ளாஸ்க்கை உங்க சொந்தக்காரங்க யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க"ன்னு அவகிட்ட எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருக்கேன்.

அப்புறம்? இன்னும் என்ன இருக்கு? ஃப்ளாஸ்க்குக்குப் பக்கத்துல யார் உக்காந்திருக்காங்க? யாரும் இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க டாக்டர், அவசரம் இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க. நான் எப்பவும் அங்கதான் உக்காந்திருப்பேன்.